மாமாவின் காசுக்குத் தராசு தேடினேன்

சாமி கும்பிடுகிறவனுக்கு எல்லாம் விளங்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. வாலிபத்தில் என் நெற்றி நாமம் எவ்வளவு பெரியதோ, அவ்வளவு பெரிய நினைப்பு. (நாமம் இப்போது சிறுத்துவிட்டது. நினைப்பு சிறுக்கவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.) படிப்பு எட்டாவது. அதிலும் கணக்கு வாத்தியார் எனக்குப் போட்ட மார்க்கை விட என் தலையில் போட்ட குட்டு அதிகம். அப்படிப்பட்டவன்தான் ஒரே ஒரு காசை எடை போட நல்ல தராசு தேடிப் புறப்பட்டேன்.

எழுபதுகளில் நடந்தது இது. ஒரகடம் பக்கம் அப்போது நெல்லும் வேர்க்கடலையும்தான். என் அக்கா புருஷன் ஏழுமலை மாமாவுக்குப் பழைய காசு சேர்க்கிற பைத்தியம். ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ஓட்டைக் காலணா, தேய்ந்த செப்புக் காசு. எல்லாவற்றுக்கும் மேலே துணியில் சுற்றி, கும்பினி காலத்து வெள்ளி ரூபாய் ஒன்று. சிங்கப்பெருமாள் கோவில் திருவிழாவுக்கு வந்த ஒரு வியாபாரியிடம், கறவை மாட்டைக் கொடுத்துவிட்டு மாமா அதை வாங்கி வந்தார். அன்று ஆரம்பித்தது ஊர்.

"இன்னா ஏழுமல, காசு இன்னிக்கு எத்தினி படி கறந்துது?"

வருஷக்கணக்காக இதே கேள்வி. காசு போலி, மாமா ஏமாந்துவிட்டார் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. மாமா சிரித்துக்கொண்டே போய்விடுவார். அக்காதான் அழுவாள்.

பிறகு மாமாவுக்கு நெஞ்சு நோவு வந்து படுக்கையாகிவிட்டார். படுத்தபடியே மெட்ராஸில் பழங்காசு சேர்க்கும் ஒரு பெரியவருக்குக் கார்டு எழுதச் சொன்னார். பதில் வந்தது. காசு சரியாக ஒரு தோலா எடை நின்றால் அசல், குறைந்தால் யாரோ அச்சில் ஊற்றியது, நல்ல தராசில் நிறுத்துப் பார்க்கவும் என்று எழுதியிருந்தார்.

மாமா என்னைக் கூப்பிட்டார். "மச்சான், அசலா போலியான்னு மட்டும் தெரிஞ்சுகினு போய்ட்றேன். வேற ஒண்ணும் வேணாம். நீ சாமி கும்புட்றவன், பொய் சொல்ல மாட்டே. நல்ல தராசா பாத்து எடை போட்டுகினு வா."

காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கிளம்பினேன். முதலில் விறகுத்தொட்டி. (பெரிய தராசு என்றால் பெரிய நியாயம் இருக்கும் என்று நினைத்தேன்.) காசை வைத்தேன். தட்டில் ஈ உட்கார்ந்த அசைவு கூட இல்லை. அடுத்து தபால் ஆபீஸ். கடிதத் தராசைக் காட்டிக் கேட்டதும் போஸ்ட் மாஸ்டர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ஸ்டாம்ப் ஒட்டி எந்த ஊருக்குப்பா அனுப்பப் போறே?" என்றார். வெளியே வந்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது இரண்டு. படப்பையில் பத்தர் வைத்திருந்த நகைத் தராசு ஒன்று, சிங்கப்பெருமாள் கோவிலில் நாட்டு மருந்துக் கடைத் தராசு ஒன்று. எது நல்ல தராசு? வேறு யாராக இருந்தாலும் இரண்டிலும் நிறுத்துப் பார்த்திருப்பான். நான் அம்மன் கோவிலுக்குப் போய்ப் பூக்கட்டிக் கேட்டேன். வெள்ளைப் பூ வந்தால் பத்தர், சிவப்பு வந்தால் மருந்துக் கடை.

பூசாரி பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார். "பொண்ணு மாப்பிள்ளைக்கு கட்டிக் கீறேன், கேஸுக்கு கட்டிக் கீறேன். தராசுக்கு கட்டுறது இதான் மொத தபா."

சிவப்பு வந்தது.

மருந்துக் கடைக்காரர் நல்ல மனிதர். தராசை எடுத்தார், ஒரு தட்டில் தோலாக் கல்லை வைத்தார். மறு தட்டில் ஒரு துண்டுக் காகிதத்தைப் போட்டு, அதன்மேல் காசை வைக்கப் போனார். பழைய பேப்பர், அதில் எண்ணெய்க் கறை வேறு. எனக்குப் பொறுக்கவில்லை.

"பேப்பர எடுங்க. லச்சுமிய குப்பை மேலயா வெக்கிறது?"

"பேப்பர் இருக்கட்டும்பா. எப்பவும் வெச்சிதான்..."

"காகிதத்தோட எடையும் சேந்துக்கும்ங்க. இது மருந்து இல்ல, தோலா கணக்கு. எனக்குத் தெரியும்." (எனக்குத் தெரியுமாம்.)

கடையில் கூட்டம். அவர் காகிதத்தை எடுத்துவிட்டு, என் கையிலேயே தராசைக் கொடுத்துவிட்டுப் போனார். காசை வைத்தேன். காசு இருந்த தட்டு மேலே போய் நின்றது. மூன்று முறை வைத்தேன். மூன்று முறையும் மேலே.

வழியெல்லாம் பெருமாளை வேண்டிக்கொண்டேதான் வந்தேன், ஒரு பொய் சொல்ல மனசு கொடு என்று. வரவில்லை. மாமா என் முகத்தைப் பார்த்தார்.

"கொறையுது மாமா."

"அந்த மாடு ஒதைக்கும்டா மச்சான். போனா போவுது," என்றார். தலையணைக்கு அடியில் வைத்திருந்த துணியை அக்காவிடம் கொடுத்துக் காசை உள்ளே வைக்கச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் அதைக் கேட்கவே இல்லை. பன்னிரண்டாம் நாள் போய்விட்டார்.

காரியத்துக்குச் சாம்பிராணி வாங்க அதே கடைக்குப் போனேன். கடைக்காரர் எனக்கு முன்னால் நின்ற அம்மாளுக்குத் திப்பிலி நிறுத்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டுக் காகிதம், அதன்மேல் திப்பிலி. எல்லாருக்கும் அப்படித்தான்.

"எதுக்குங்க எப்பவும் பேப்பர் வெக்கிறீங்க?"

கல் வைக்கிற தட்டைத் திருப்பிக் காட்டினார். அடியில் சின்னத் தகரத் துண்டு ஒன்று அரக்கு வைத்து ஒட்டியிருந்தது. "மருந்து தட்டுல ஒட்டிக்கும்னு பேப்பர்ல போட்டுத்தான் நிறுப்பேன். அந்த பேப்பருக்கு ஈடு இது. பேப்பர் இல்லாட்டி இந்த தராசு தப்பு காட்டும். அன்னிக்கே சொல்ல வந்தேனேப்பா."

சாம்பிராணி வாங்க மறந்து ஓடினேன். அக்காவிடம் காசைக் கேட்டேன். எதற்கு என்று அவள் கேட்கக் கேட்க, வாங்கிக்கொண்டு நடந்தேன். அடுத்த பஸ்ஸில் கடைக்குத் திரும்பி வந்தேன். அவர் காகிதம் போட்டார், காசை வைத்தார். முள் அசைந்து அசைந்து, நேராக நின்றது.

"யாருதுப்பா?"

"எங்க மாமாவுது."

"அவராண்ட சொல்லு, நல்ல காசுன்னு."

அம்மன் சரியான தராசைத்தான் காட்டியிருக்கிறாள். குறை சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை.

அக்கா காலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். காசை வாங்கி உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் மூடிக்கொண்டிருந்தாள். பிறகு, "எங்கிட்ட சொல்லி இன்னாடா? ஊர்ல போய் சொல்லு," என்றாள்.

சொன்னேன். கிண்டல் செய்த ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, காசு அசல், காகிதத்தை எடுத்த மடையன் நான் என்று சொன்னேன். ஒரு மாதத்தில் ஊர் மாமாவை விட்டுவிட்டது. எனக்குப் 'பேப்பர்காரன்' என்று பேர் வைத்தது. அப்படிக் கூப்பிட்டபோதெல்லாம் நான் திரும்பிப் பார்த்தேன்.

இப்போது வீட்டுப் பிள்ளைகள் கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்தால், அந்தக் கதையைச் சொல்லு என்பார்கள். நானும் போஸ்ட் மாஸ்டர் மாதிரி, பூசாரி மாதிரி பேசிக் காட்டுவேன். வயதான என் அக்காவும் கூட உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நான் காகிதத்தை எடுக்கச் சொல்கிற இடம் வரைக்கும் சிரிப்பாள். அதற்குப் பிறகு எழுந்து உள்ளே போய்விடுவாள். மிச்சக் கதையை அவள் ஒருநாளும் இருந்து கேட்டதில்லை.