பொடியன் படையும் நாத்தனார் முடிச்சும்

சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்கிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். சோம்பேறிகள், எதிர்த்துப் பேசுகிறவர்கள், ‘அப்புறம் பாக்கலாம்’ என்று நழுவுகிறவர்கள், இவர்களால் ஒரு குடும்பத்துக்குப் பெரிய கெடுதல் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மறுபேச்சில்லாமல் செய்து முடித்துவிட்டு, “அக்கா, முடிஞ்சுது!” என்று பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நிற்கிறவர்கள்தான் வயிற்றில் புளியைக் கரைப்பார்கள். என் அண்ணன் கல்யாணத்தில் அப்படிப்பட்டவர்கள் எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். எல்லாருமே பொடிசுகள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்த மகராசி நான்தான்.

இரண்டாயிரத்துகளின் தொடக்கம் அது. பி.காம். முடித்துவிட்டு, யார் கேட்டாலும் ‘கம்ப்யூட்டர் கோர்ஸ் போறேன்’ என்று சொல்லிக்கொண்டு திருவனந்தபுரம் வலியசாலையில் வீட்டோடு இருந்தேன். (என்ன கோர்ஸ் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் தெரிந்துகொண்டிருப்பேன்.) கல்யாணத்துக்காக துபாயிலிருந்து லீவில் வந்த மாமா, தன் மகள் அம்முவுக்கென்று டி.வி.யில் செருகி ஆடும் வீடியோ கேம் பெட்டி ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். அம்முவுக்கு ஏழு வயது. வந்த மறுநாளே அந்தப் பெட்டியை அவளிடமிருந்து நான் பிடுங்கிக்கொண்டேன்.

ஆட்டம் இதுதான். ஒரு காடு. அதில் கட்டைவிரல் உயரத்துக்குக் குட்டிக் குட்டி உருவங்கள். நான் அதுகளுக்குப் பொடியன்கள் என்று பெயர் வைத்திருந்தேன். விசில் அடித்தால் புல்லுக்குள்ளிருந்தெல்லாம் ஓடிவந்து நம் பின்னால் கூடும். ஒரு பழத்தையோ உடைந்த இயந்திரத் துண்டையோ காட்டி ஏவினால், ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக் கூடாரத்தில் கொண்டுவந்து சேர்க்கும். பொழுது சாய்வதற்குள் சிதறிக் கிடக்கும் எல்லாவற்றையும் சேர்த்தாக வேண்டும். எந்தக் கூட்டத்தை எங்கே அனுப்புவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியது நாம் மட்டும்தான். எதைத் தூக்குகிறோம், ஏன் தூக்குகிறோம் என்று அதுகள் ஒரு வார்த்தை கேட்காது. ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால் ‘உனக்குக் கை இல்லியா?’ என்று நாலு பேர் திருப்பிக் கேட்கிற வீடு எங்களுடையது. அந்தப் பொடியன்கள் எனக்கு உயிராகிப் போனதில் என்ன ஆச்சரியம்?

அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் மல்லி, மிளகாய் மொத்த வியாபாரம். கல்யாணத்தில் அவருக்கு இருந்த பெரிய கவலை தாம்பாளங்கள்தான். பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தில் எங்கள் வெள்ளித் தாம்பாளம் ஒன்று சம்பந்தி வீட்டுச் சாமான்களோடு போய்விட, அதைத் திருப்பிக் கேட்கப்போய் இரண்டு வீட்டுக்கும் பேச்சே நின்றுபோயிருந்தது. அதனால் இந்தத் தடவை எங்கள் தாம்பாளம் ஒவ்வொன்றின் விளிம்பிலும் என்னை நகச்சாயத்தால் சிவப்புப் பொட்டு வைக்கச் சொன்னார்.

“ஒண்ணு குறையப்பிடாது, கேட்டியா? நீயாக்கும் இதுக்குப் பொறுப்பு” என்றார்.

பொறுப்பு என்று யாரும் என்னிடம் எதையும் கொடுத்ததில்லை. தலைகால் புரியவில்லை எனக்கு. கல்யாணத்துக்கு வந்து குவிந்திருந்த சொந்தக்காரப் பிள்ளைகளையெல்லாம் பின்கட்டில் வரிசையாக நிறுத்தி, கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு சட்டம் போட்டேன். சிவப்புப் பொட்டு இருந்தால் நம் தாம்பாளம். யார் கையிலாவது இருந்தால் தொடக் கூடாது. எங்கேயாவது தனியாக வைத்திருந்தால், உடனே தூக்கி மண்டபத்துக்குப் பின்னால் நிற்கும் நம் வேனில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும்.

அம்மு கை தூக்கினாள். “அக்கா, தட்டத்துல ஏதாவது இருந்தா?”

“இருந்தா அதோட தூக்கு. கேள்வி கேக்கப்பிடாது.”

(அந்த ஒரு கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “கல்யாண வீட்டுல கவாத்து படிப்பிக்கா! இவளக் கெட்டிட்டுப் போறவன் என்ன பாடு படப்போறானோ” என்று தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

அண்ணனுக்கும் மாலதிக்கும் ஒரே ஆபீஸ். விரும்பி, இரண்டு வீட்டு வாசலிலும் மாறி மாறிக் கெஞ்சி, ஒரு வழியாகச் சம்மதம் வாங்கியிருந்தார்கள். கடைசிவரை முறுக்கிக்கொண்டு நின்றவர் மாலதியின் தாய்மாமன் நீலகண்டன் மாமா. அரசாங்க ஆபீஸில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ‘சாலைக் கடைக்காரங்ககிட்ட ஒரு ஒழுங்கு முறை இருக்குமா?’ என்று நிச்சயதார்த்தத்தில் அப்பா காதுபடவே கேட்ட மனுஷன். முகூர்த்தம் குறித்ததும் அவர்தான். அது முடிந்தால் பின்னால் நல்ல நேரமே கிடையாதாம். “நேரம் தப்பிச்சுன்னா எங்க பிள்ளைய மணையிலருந்து எழுப்பிக் கூட்டிட்டுப் போயிருவேன். பின்ன என்னக் குத்தம் சொல்லப்பிடாது” என்று சிரிக்காமல் சொல்லியிருந்தார். சிரிக்காமல் அவர் சொன்னால் செய்வார் என்று மாலதியே போனில் அழுதிருக்கிறாள்.

கல்யாணம் கரமனையில் ஒரு மண்டபத்தில். ஆரம்பம் பிரமாதம். பட்டு, பழம், பூ என்று நாங்கள் கொண்டுபோன தாம்பாளங்கள் காலியாகிக் கீழே வைக்கப்பட்டதும் மாயமாக மறைந்துகொண்டிருந்தன. அப்பா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். என் வாழ்க்கையில் அப்பா என்னைப் பார்த்துத் தலையாட்டியது அதுதான் முதல் தடவை.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட்டதும், மீதி முடிச்சை மாப்பிள்ளையின் சகோதரி போடுவாள். நாத்தனார் முடிச்சு. அதற்காக மணையில் உட்கார்ந்திருந்த மாலதிக்குப் பின்னால் நான் பட்டுச்சேலையில் விறைப்பாக நின்றிருந்தேன். அதற்கு முன்னால் தாலியைத் தாம்பாளத்தில் தேங்காய்மேல் வைத்து, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிப்பதற்காக மண்டபம் முழுக்கக் கொண்டுபோவார்கள். என் அத்தைதான் கொண்டுபோயிருந்தாள்.

அத்தை வெறுங்கையோடு திரும்பி வந்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“எட்டி, தாலித் தட்டத்தக் கண்டியா?” என்றாள் என் காதோரம். “பம்பாயிலருந்து சரோஜா வந்திருக்கா. எத்தன வருசம் கழிச்சுப் பாக்கேன்! நாற்காலியில வச்சிட்டு ஒண்ணு கெட்டிப்பிடிச்சேன். திரும்பிப் பாத்தா காணல்ல. இவ்வளவு நேரம் மண்டபம் பூரா தேடியாச்சு.”

நாற்காலியில் வைத்தாள். யார் கையிலும் இல்லை. விளிம்பில் சிவப்புப் பொட்டு, நானே வைத்தது.

“சாஸ்திரிகள மந்திரத்த இழுக்கச் சொல்லுங்க” என்று அத்தையிடம் முணுமுணுத்துவிட்டு நழுவினேன். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் என் படை எலுமிச்சை ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தது. அம்மு என்னைக் கண்டதும் நிமிர்ந்து நின்றாள்.

“அக்கா, தேங்கா வச்ச தட்டத்தையும் வண்டில கொண்டு வச்சாச்சு! நல்ல கனம். மூணு பேரு சேந்து பிடிச்சோம். ஒரு பூகூட கீழ விழல்ல!”

அடி என் செல்லமே! கட்டிக்கொள்ளவா, கழுத்தை நெரிக்கவா? மண்டபத்தின் பின்பக்கம் ஓடினேன். வேன் நின்ற இடம் காலியாக இருந்தது.

“தங்கப்பன் கிழக்கேகோட்டைக்குப் போயிருக்கான், போளி எடுக்க” என்றார் சமையல்காரர்.

திருவனந்தபுரத்தில் போளி இல்லாமல் பாயசம் விளம்பினால் அது கல்யாணச் சாப்பாடே இல்லை. சாப்பாட்டுப் பொறுப்பு பெண் வீட்டாருடையது. போளி எடுக்க வண்டி வேண்டும் என்று அவர்கள் கேட்க, அப்பா எங்கள் வேனைப் பெருந்தன்மையாக அனுப்பியிருக்கிறார். டிரைவர் தங்கப்பனிடம் செல்போன் கிடையாது. உள்ளே நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்தது. கெட்டிமேளத்துக்கு என்ன செய்வார்கள்?

வாசலுக்கு ஓடினேன். அங்கே தன் பழைய ஸ்கூட்டர் அருகில் ஒரே ஒரு ஆள்தான் நின்றார். நீலகண்டன் மாமா.

“என்ன மக்களே, நாத்தனாரு ரோட்டுல நிக்கா? முகூர்த்தம் ஆகப்போகுல்லா?”

உண்மையைச் சொன்னால் மாலதியை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். சொல்லாவிட்டால் தாலி வராது. நாக்கு என்னைக் கேட்காமலே பேசியது.

“மாமா, போளி...”

“போளிக்கு என்ன?”

“போளி வண்டி வழியில நின்னுபோச்சாம். போளி வராதாம்.”

அவர் முகம் மாறியது. பந்தியில் போளி இல்லை என்றால் போவது பெண் வீட்டு மானம். “ஏறு!” என்று ஸ்கூட்டரை உதைத்தார்.

வழிநெடுக உபதேசம். “எதையும் நேரத்துக்கு எடுத்து வைக்கணும். அதாக்கும் ஒழுங்கு. நீங்க தாலியெல்லாம் பத்திரமாட்டு வச்சிருக்கீங்கல்லா?”

“பத்திரமா இருக்கு மாமா.” (எங்கே என்று அவர் கேட்கவில்லை.)

கிள்ளிப்பாலத்தில் ஸ்கூட்டர் நின்றது. நடுரோட்டில் ஒரு ஜாதா, சிவப்பு சிவப்பாகக் கொடிகள், கண்ணுக்கெட்டிய தூரம் வரை தலைகள். போலீஸ்காரர் கையை விரித்து, “ஆரும் கடக்கண்டா!” என்று கத்திக்கொண்டிருந்தார். ஜாதாவுக்கு அந்தப்புறம், ஆட்டோக்களுக்கு நடுவில், எங்கள் வேன்.

“போச்சு. இது தீர நேரம் ஆகும்” என்றார் மாமா.

நான் குதித்து இறங்கினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஊர்வலத்துக்குள் புகுந்தேன். “சேச்சி, வரியில் நில்லு!” என்று, வரிசையில் நிற்கச் சொல்லி ஒரு பெண் அதட்டினாள். நின்றேன். அவர்கள் ‘சிந்தாபாத்’ என்றார்கள். நானும் ‘சிந்தாபாத்’ என்றேன், எல்லாரையும்விடச் சத்தமாக. எதற்காக நடந்த போராட்டம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கோஷம் போட்டபடியே பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து அந்தக் கரையில் போய் விழுந்தேன்.

தங்கப்பன் ஸ்டியரிங்மேல் பேப்பரை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். “அய்யோ மோளே, கல்யாணம் கழிஞ்ஞோ?” என்றார்.

பதில் சொல்லாமல் பின்கதவைத் திறந்தேன். தாம்பாளங்களுக்கு மேல் போளிப் பொட்டலங்கள். தள்ளினேன், கிளறினேன். தேங்காய் இருந்தது. அட்சதை இருந்தது. தாலி இல்லை. தாலி இல்லை! அந்த நிமிஷம் மாலதியின் முகம் மட்டும்தான் கண்ணில் நின்றது. அவள் காத்திருந்ததெல்லாம் என் விளையாட்டுப் புத்தியால் பாழாகிறதே என்று ‘ஓ’வென்று அழுதுவிட்டேன். அழுதுகொண்டே துழாவினபோது, இரண்டு பொட்டலங்களுக்கு நடுவில் மஞ்சள் கயிற்று நுனி தெரிந்தது. இழுத்தேன். நெய் சொட்டச் சொட்ட வெளியே வந்தது தாலி.

திரும்பும்போது அதைக் கைக்குள் இறுக்கி, முஷ்டியை உயர்த்திக் கோஷம் போட்டுக்கொண்டே கடந்தேன். கயிறு வெளியே தொங்கியதைக் கவனிக்கவில்லை. நீலகண்டன் மாமா கவனித்தார். அவர் கண் கயிற்றிலிருந்து என் முகத்துக்கும், என் முகத்திலிருந்து கயிற்றுக்கும் போய் வந்தது. ஸ்கூட்டரைத் திருப்பி உதைத்தார். அந்த ஸ்கூட்டரால் அவ்வளவு வேகம் போக முடியும் என்று அதைச் செய்தவனுக்கே தெரிந்திருக்காது.

மண்டப வாசலில் இறங்கியதும் தோளில் கிடந்த நேரியல் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“முதல்ல அத நல்லாத் தொடச்சிரு. அப்புறம் முகத்தத் தொடச்சுக்கோ.” கொஞ்சம் நிறுத்தி, “நான் ஒண்ணும் காணல்ல. உள்ள போ” என்றார்.

போகும்போது பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. “போளி வரும்லா?”

சாஸ்திரிகள் தனக்குத் தெரிந்த மந்திரத்தை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, தெரியாததில் இறங்கியிருந்தார் என்று நினைக்கிறேன். நேரம் முடிய இம்மிதான் பாக்கி. அண்ணன் கட்டினான். கெட்டிமேளம் முழங்கியது. நான் குனிந்து முடிச்சைப் போட்டேன். மாலதி தலை திருப்பாமல், “உமா, என்ன இது, நெய் வாசம் வருது?” என்றாள். “பேசாம இரு” என்றேன். இன்னொரு தடவை இது எங்கேயும் போய்விடக் கூடாது என்ற வெறியில், இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இழுத்து இறுக்கினேன்.

ரகசியம் பந்திவரைக்கும்தான் தாங்கியது. முதல் பந்தியில் போளியைக் கண்டதும் அம்மு உரக்கச் சொன்னாள்: “தாலியத் தூக்கிட்டுப் போயி இதே போளி வண்டிலதான் வச்சோம்! அக்காதான் சொல்லிச்சு!” இலைகளின்மேல் கைகள் அப்படியே நின்றன. அப்பா என்னைப் பார்த்த பார்வையை எழுத மனம் வரவில்லை. அப்போது நீலகண்டன் மாமா எழுந்து, “ஏய், இங்க இன்னொரு போளி விளம்பு! தாலிகூட வந்த போளியாக்கும், ராசியுள்ளது!” என்று குரல் கொடுத்தார். முதலில் சிரித்தது மாலதி. (அன்று மாலை அப்பா தாம்பாளங்களைச் சரிபார்த்தபோது ஒன்றுகூடக் குறையவில்லை. விளிம்பில் குங்குமக் கறை பட்ட பெண் வீட்டுத் தாம்பாளம் ஒன்று கூடுதலாக இருந்தது.)

சில மாதம் கழித்துத் தாலியை மஞ்சள் கயிற்றிலிருந்து தங்கச் சங்கிலிக்கு மாற்ற உட்கார்ந்தார்கள். என் முடிச்சு அவிழவில்லை. ஊக்கால் குத்தினார்கள், தேங்காயெண்ணெய் விட்டார்கள், அத்தை பல்லால் கடித்துப் பார்த்தாள். அறுப்பது ஆகாது. கடைசியில் ஆசாரியை வரவழைத்து, தாலியின் வளையத்தை விரித்துத்தான் வெளியே எடுத்தார்கள். கயிறு முடிச்சோடு அப்படியே அண்ணியின் அலமாரியில் இருக்கிறது.

அண்ணனும் அண்ணியும் சண்டை போடாத மாதமில்லை. சண்டை முற்றினால் எனக்குப் போன் வரும்.

“நாத்தனாரே, உங்க அண்ணன்கூட இனி ஒரு நாளு என்னால முடியாது. நீ போட்ட முடிச்ச நீயே வந்து அவுத்துட்டுப் போ.”

“இதோ வாறேன் அண்ணி. ஊக்கும் எண்ணெயும் எடுத்து வைங்க” என்பேன்.

மறுமுனையில் அலமாரிக் கதவைத் திறந்து மூடும் சத்தம் கேட்கும். பிறகு, “இன்னிக்கு வேண்டாம்” என்று போனை வைத்துவிடுவாள்.