செவலைக்குப் பதில் வந்த பங்களா மெஷின்

நெல்லிக்கந்தைத் தோட்டம்,
கீழ்ப்பிரிவு, பதுளை.
16.8.1976, திங்கள்.

எல்ல ஊர்ப் பக்கத்தில் கங்காணி வேலையும் அதைவிடப் பெரிய பெயரும் உள்ள என் மச்சான் மாடசாமி அவர்கள் சமுகத்துக்கு, உங்கள் தங்கச்சி இராக்கம்மாளின் புருஷனும், முப்பத்தோரு வருடம் பெரிய பங்களாவில் அப்புவாக இருந்து நான்கு துரைமாருக்குச் சமைத்துப் போட்டவனுமாகிய முருகையா வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. மாரியம்மன் தயவில் இங்கே நானும் கூரையும் சுகம். நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இந்த மாதக் கடைசியில் தங்கச்சியைப் பார்க்க வருவதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வர வேண்டாம். கச்சான் காற்று தகரத்தைப் பிய்க்கிறது, பாதையில் மண் சரிந்திருக்கிறது, பஸ்ஸும் நினைத்தால்தான் வருகிறது. இதையெல்லாம் நீங்கள் நம்ப மாட்டீர்கள். எழுதுகிற நானே நம்பவில்லை. ஆகையால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மகள் பாக்கியலெட்சுமி பிறந்தபோது நீங்கள் ஓட்டிவந்து கட்டினீர்களே ஒரு பசு, அதன் பேத்தி செவலை இப்போது நம் மாட்டுப்பட்டியில் இல்லை. தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் வீட்டுப் பின்பக்கம் நிற்கிறது. அதற்குப் பதிலாக நம் வீட்டில் ஒரு மெஷின் நிற்கிறது. கோபப்படாமல் மேலே வாசியுங்கள். கோபப்படுவதற்கு இன்னும் நிறைய இருக்கிறது.

பங்குனியில் பதுளை ஆஸ்பத்திரியில் இராக்கம்மாளின் வாயில் வந்த புற்றுப்புண்ணை அறுத்து, தாடையில் பாதியையும் எடுத்தது உங்களுக்குத் தெரியும். ரத்தம் கொடுத்தவரே நீங்கள்தான். நீங்கள் ஊர் திரும்பிய பிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "இனி அவங்களால மெல்ல முடியாது. பேசவும் ஏலாது. எல்லாத்தையும் நல்லா மசிச்சுக் கூழாக் குடுங்க. எடை ஆறு றாத்தல் கூடினாத்தான் கொழும்புக்கு அனுப்பி அடுத்த வைத்தியம் பாக்கலாம்" என்றார். ஆறு றாத்தல்தானே, துரைமாரை யானைபோல் வளர்த்த எனக்கு இது ஒரு வேலையா என்று நினைத்தேன். வீட்டில் வேறு பெண்பிள்ளை இல்லை. பாக்கியலெட்சுமியும் மாப்பிள்ளையும் போன வருடமே இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். லயத்தில் பக்கத்துக் காம்பறாவில் குடியிருக்கும் பெரியாயி வந்து, "நான் காலையில வேலைக்குப் பெரட்டுக்குப் போறதுக்கு முந்தி அம்மியில அரைச்சு வச்சிட்டுப் போறேன் அண்ணே" என்றது. எனக்கு வந்ததே ரோஷம். "பங்களா அப்பு வீட்டுக்கு அடுத்த வீட்டு அரையல் எதுக்கும்மா? நான் இங்கிலீசு முறையில பாத்துக்கிறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இங்கிலீசு முறை என்று நான் சொன்னது கேக் அடிக்கிற மெஷினை. 1952இல் துரைசானி சீமையிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. கழுத்தை வளைத்து நிற்கும் வெள்ளைக் கோழி போல இருக்கும், வாய்க்குக் கீழே ஒரு பெரிய சட்டி. மாவு பிசையக் கொக்கி, முட்டை அடிக்கக் கம்பிக்கூடு, இறைச்சி அரைக்கக் குழல், சூப்புக்குக் கண்ணாடிக் குடுவை என்று ஒவ்வொன்றாக மாட்டலாம். துரையின் தாயார் ஒரு பல்கூட இல்லாமல் இங்கே வந்து இரண்டு வருடம் இருந்தபோது, இதில் அரைத்துக் கொடுத்துத்தான் அவரை எடை கூட்டி அனுப்பினேன். தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் துரை சாமான்களை ஏலம் போட்டார். மெஷினைப் பெரிய கிளாக்கர் எடுத்தார். அவருடைய பெண்சாதி அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குள்ளே விடமாட்டேன் என்று நின்றார். நான் போய் நின்றேன். கிளாக்கர் விலையாகச் செவலையைக் கேட்டார். ஓட்டிக்கொண்டுபோய் விட்டேன். பால்தான் நோயாளிக்கு முதல் ஆகாரம் என்ற எண்ணம் எனக்கு மெஷினைத் தோளில் வைத்து வீட்டு வாசல் வரை வந்த பிறகுதான் வந்தது. இப்போது தினமும் கிளாக்கர் வீட்டில் போத்தல் நீட்டி நம் பசுவின் பாலை வாங்குகிறேன். என்னைக் கண்டால் அது கத்துகிறது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

வாசலுக்கு வந்த பிறகு வந்த இன்னொரு எண்ணம், நம் லயத்தில் கரண்ட் இல்லை என்பது. நீங்கள் சிரிப்பது தெரிகிறது. முப்பத்தோரு வருடம் பங்களா குசினியில் நின்றவனுக்குச் சுவரில் பிளக் இருப்பது சுவரோடு முளைத்தது என்று தோன்றிவிடுகிறது. கரண்ட் இருப்பது பங்களாவிலும் ஃபெக்டரியிலும்தான். புது துரை பங்களாப் படியில் என்னை ஏறவிடவில்லை. டீமேக்கர் ஐயா இரக்கப்பட்டு, கொழுந்து அரைக்கிற ரோலர் பக்கத்தில் ஒரு மூலை கொடுத்தார். முதல் நாள் உற்சாகத்தில் கொக்கி, கம்பிக்கூடு எல்லாம் மாட்டி, மெல்ல முடியாதவளுக்கு ரொட்டி மாவு பிசைந்துவிட்டேன். அந்த ரொட்டியை நானே தின்றேன். பிறகு குழலை மாட்டிப் பருப்பும் மரவள்ளியும் அரைத்தேன். அரைத்தது அரைமைல் நடந்து லயத்துக்கு வருவதற்குள் ஆறி, மேலே தேயிலைத்தூள் படிந்துவிடும். முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்தவள் ஏற்றுமதித் தேயிலையை வாயில் வைத்தது இப்போதுதான். இதிலும் ஒரு சங்கடம். கச்சான் காற்றில் கொழுந்து இல்லாததால் ஃபெக்டரி செவ்வாய், வியாழன், சனி மட்டுமே ஓடுகிறது. தேயிலை அரைக்கிற நாளில்தான் உங்கள் தங்கச்சிக்குச் சாப்பாடு. மற்ற நாளில் கஞ்சித்தண்ணி.

தேயிலைப் பெட்டி நிறுக்கிற தராசில் அவளை மாதம் ஒருமுறை ஏற்றிப் பார்க்கிறேன். சித்திரையில் எண்பத்திரண்டு றாத்தல். ஆனியில் எழுபத்தாறு. ஆறு றாத்தல் என்று டாக்டர் சொன்ன கணக்கு சரியாக வந்தது, எதிர்ப்பக்கமாக.

ஃபெக்டரி இல்லாத நாளுக்கு வழி தேடி, போன வெள்ளிக்கிழமை மெஷினை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பதுளைக்குப் போனேன். ரேடியோ திருத்துகிற லத்தீப் நானா கடையில் ஒரு பிளக் உண்டு. அவர் தேத்தண்ணி சொல்லப் போன நேரத்தில், என் அனுபவத்தைக் காட்டவேண்டும் என்று நானே செருகினேன். மெஷின் ஒரு முறை அலறியது. அரைக்கக் கொண்டுபோயிருந்த அவித்த பருப்பு, திருத்த வந்திருந்த ஏழு ரேடியோ மேலும் தெறித்தது. பிறகு நீலப் புகை. லத்தீப் நானா திரும்பி வந்து மெஷினை முகர்ந்து பார்த்தார்.

"முருகையா, இது ஒங்கட தோட்டத்து டைனமோ கரண்டுக்கெண்டே செஞ்ச சாமான். டவுன் கரண்டு அதப்போல ரெண்டு மடங்கு. ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் தானே."

"இப்ப என்ன செய்யிறது நானா?"

"மோட்டர் முடிஞ்சிது. குழல மட்டும் கழட்டி ஒரு கைப்புடி வச்சா, கையால சுத்தலாம்." அப்புறம் ரேடியோவைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "ஏன், ஊட்டுல அம்மி இல்லையா?"

மெஷினைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டேன். ஆகவே மச்சான், நீங்கள் வர வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டில் உடைந்த தையல் மெஷினின் கைப்பிடிச் சக்கரம் கிடந்ததே, அதை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். அதை மாட்டிவிட்டால் ஒரு மாதத்தில் இராக்கம்மாளை எடை கூட்டி, நானே எல்லவுக்குக் கூட்டிவந்து காட்டுவேன். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் மலையில் கொழுந்து தழைக்கட்டும், உங்கள் பட்டியில் மாடுகள் பெருகட்டும். கடைசி வாழ்த்தை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
மு. முருகையா
(பங்களா அப்பு)

பின்குறிப்பு, 20ஆம் திகதி, வெள்ளி: மேலே உள்ளதைத் திங்களன்று எழுதி மடித்து வைத்தேன், தபாலில் போடவில்லை. சக்கரம் வேண்டாம். அதில் எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. பங்குனியிலிருந்து இராக்கம்மாள் ஒவ்வொரு நாளும் கையை நீட்டி அடுப்பு மூலையைக் காட்டுவாள். குளிருகிறதாக்கும் என்று போர்வையை எடுத்துப் போர்த்துவேன். அவள் காட்டியது அம்மியை. எனக்கு முதல் நாளே தெரியும். லயத்தில் ஆம்பிளை அம்மிக்கு முன்னால் குந்தியதை யார் பார்த்திருக்கிறார்கள்? பங்களா அப்பு குந்தினால் எட்டுக் காம்பறாவும் வந்து நின்று பார்க்கும். அந்த வெட்கத்துக்குத்தான் உங்கள் பசுவைக் கொடுத்தேன் மச்சான். ஐந்து மாதத்தையும் கொடுத்தேன்.

புதன்கிழமை பதுளை டாக்டரிடம் காட்டினேன். எழுபது றாத்தல்தான் இருந்தாள். இனி கொழும்புக்கு அனுப்பிப் பிரயோசனம் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். திரும்பி வந்து, கதவைக்கூடச் சாத்தாமல் அம்மிக்கு முன்னால் குந்தினேன். பெரியாயி வந்து பார்த்தது, சிரிக்கவில்லை. "குழவிய அப்படிப் புடிக்காதீங்கண்ணே" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனது. நேற்று பதினொரு கரண்டி விழுங்கினாள். பிறகு என் கையைப் பிடித்து உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்து, சிரிக்க முடிகிற பக்கத்தால் சிரித்தாள். டாக்டர் சொன்னதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. நாளைக்கு என்ன அரைக்க வேண்டும் என்று விரலால் காட்டிவிட்டுப் படுத்திருக்கிறாள்.

உடனே வாருங்கள். பாதை நன்றாகத்தான் இருக்கிறது, பஸ்ஸும் வருகிறது. வரும்போது கொஞ்சம் மாசிக் கருவாடு கொண்டுவாருங்கள். கஞ்சியில் கலக்க அது பூப்போல அரைபட வேண்டும். நான் அரைத்துவிடுவேன்.