சாம்பிராணிப் புகையும் ஆக்ஸிஜன் சென்சாரும்

என் காரின் பானெட்டை இனி என்னைத் தவிர வேறு எவனும் திறக்கக் கூடாது என்று ஒரு வெள்ளிக்கிழமை காலை சபதம் எடுத்தேன். காபி குடிப்பதற்கு முன்னால் எடுத்த சபதம். அதுதான் தப்பு.

கரமனையில் எங்கள் தெருவிலேயே வயதான கார் என்னுடையது. பதினெட்டு வயது. ஓட்டே போடலாம். ஒரு மாசமாக டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. சிக்னலில் நின்றால் எஞ்சின் குளிர் ஜுரம் வந்த மாதிரி நடுங்கும். விடுவேனா! நாற்பது வீடியோ பார்த்தேன். ஸ்டியரிங்குக்கு அடியில் சொருகும் ஸ்கேனர் வாங்கிச் சொருகினேன். போனில் பதில் வந்தது: காற்று ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி.

"ஆக்ஸிஜன் சென்சார் போச்சு!" என்று கத்தினேன்.

என் சகதர்மிணி நீலாம்பாள் சாம்பிராணிக் கரண்டியோடு வந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் சுவாமிக்குக் காட்டிவிட்டு அப்படியே காருக்கும் காட்டுவது எங்காத்து வழக்கம்.

"ஏன்னா, அது என்னது?"

"சைலன்சர் குழாய்க்கு மூக்கு மாதிரி. புகையை மோந்து பார்த்து, பெட்ரோல் போறுமா போறாதான்னு சொல்லும். இப்போ அந்த மூக்குக்கு ஜலதோஷம். பொய் சொல்றது."

"நிஜமாவே காத்து எங்கேயாவது உள்ளே கேறிண்டிருந்தா?"

"நீ வெறும் பி.காம்."

"நீங்களும் பி.காம்தானே?"

"நான் வீடியோ பார்த்த பி.காம்!"

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. திறந்த பானெட்டுக்குள் அவள் கரண்டியை நீட்டினாள். "புகை காட்டாதே! சென்சார் குழம்பிப் போகும்!" என்று விரட்டினேன். ஒரு நிமிஷம் உள்ளே உற்றுப் பார்த்தாள். புன்னகையோடு போனாள். அந்தப் புன்னகைக்கே நான் பயந்திருக்க வேண்டும். கோட்டை விட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை, காபியோடு வந்தாள்.

"ஏன்னா, ஒரு பந்தயம். அடுத்த வெள்ளிக்குள்ள அந்த விளக்கை அணைச்சுட்டேள்னா, இனிமே நான் கார் சாவியைக் கேக்கவே மாட்டேன்."

"அணைக்கலேன்னா?"

"சாவி எனக்கு."

அவள் லைசென்ஸ் வாங்கி ஆறு வருஷம். சாவியை நான் ஒரு நாளும் கொடுத்ததில்லை. கரமனைப் பாலத்து நெரிசலில் அவள் ஓட்ட, நான் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்வதா? இந்த நச்சரிப்பு ஒழிந்தால் போதும் என்று பகவான் மேல் ஆணையாக ஒத்துக்கொண்டேன்.

பழைய சென்சாரைக் கழற்ற இரண்டு நாள். துரு. முழங்கைத் தோல் போச்சு. புதுசு மாட்டினேன். விளக்கு எரிந்தது. ஏர் ஃபில்டர் மாற்றினேன். எரிந்தது. ஸ்பார்க் ப்ளக் மாற்றினேன். இன்னும் பிரகாசமாக எரிந்தது. வியாழக்கிழமை மலையாளி மெக்கானிக் அஜீஷுக்கு ரகசியமாகப் போன் பண்ணினேன்.

"அய்யோ சாரே, நீலாம்பாள் சேச்சி நேத்தே போனில் விளிச்சு சொல்லியாச்சு. சாரோட சபதத்தை நான் கெடுக்கப்படாதாம்."

பாவி!

வெள்ளிக்கிழமை விடிந்தது. விளக்கும் எரிந்தது. நீலாம்பாள் சாம்பிராணிக் கரண்டியோடு வந்தாள்.

"எஞ்சினை ஓட விடுங்கோ."

புகை எல்லா இடத்திலும் மேலே போயிற்று. எஞ்சினுக்குப் பின்னால் ஒளிந்திருந்த விரல் தடிமன் ரப்பர் குழாய் கிட்ட மட்டும் வளைந்து, சர்ரென்று உள்ளே போயிற்று. பார்த்தால், குழாயில் ஒரு விரிசல்.

"காத்து இந்த வழியா கேறறது. உங்க மூக்கு பொய்யே சொல்லலை, பாவம்."

எஞ்சினை அணைக்கச் சொன்னாள். சாலைக் கடைத்தெருவில் வாங்கி வைத்திருந்த புதுக் குழாயை எடுத்து மாட்டினாள். நான் ஸ்கேனரில் பழைய பதிவை அழித்தேன். வண்டியைக் கிளப்பினாள். விளக்கு வரவில்லை. எஞ்சின் நடுங்கவில்லை. நான்தான் நடுங்கினேன்.

"நீலா, இதை எப்போ கண்டுபிடிச்சே?"

"போன வெள்ளிக்கிழமை. புகை காட்டாதேன்னு விரட்டினேளே, அப்போ."

"பந்தயம் கட்டினது சனிக்கிழமையாச்சே!"

"பின்னே? தெரியாம பந்தயம் கட்ட நான் என்ன நீங்களா?"

இப்போது அவள்தான் ஓட்டுகிறாள். நான் பின் சீட்டில். முன்னால் உட்கார்ந்தால் இல்லாத பிரேக்கை மிதிக்கிறேனாம்.