பறிமுதலான கறுப்பு ரொட்டி

பறிமுதல் செய்த ரொட்டியை வைக்க நகராட்சிக் கட்டடத்தில் ஒரு சாண் இடம் கிடைக்கவில்லை.

"இங்க வைக்காதீங்க நபீஹ்," என்றாள் பதிவறை எழுத்தர் சாரித், மேசையை இரண்டு கைகளாலும் மறைத்துக்கொண்டு. "பஸ்கா வாரம். ரெண்டு நாளா இந்த ரூமைத் தேய்ச்சிருக்கேன். புளிச்ச மாவுல ஒரு துணுக்கு விழுந்தாலும் மறுபடி முதல்லேருந்து தேய்க்கணும்."

"இது ரொட்டி இல்ல, சாட்சி."

"சாட்சி உதிருதே."

நபீஹ் யூதரல்ல, மலைக் கிராமங்களில் வாழும் துருஸ் இனத்தவர். யூதர்கள் பேனாவைத் தொடாத ஓய்வு நாளில் கடை திறப்பவர்களுக்கும், புளித்த மாவு எதுவும் ஆகாத பஸ்கா வாரத்தில் ரொட்டியைக் கடை முகப்பில் வைக்கும் யூதக் கடைக்காரர்களுக்கும் அபராதச் சீட்டு எழுத, அந்தக் கடலோர நகராட்சி அவரைத்தான் வைத்திருந்தது. பதினெட்டு வருடங்களில் அவர் எழுதிய சீட்டு ஒன்றுகூட நீதிமன்றத்தில் தோற்றதில்லை. மலைக் கிராமத்தில் அவருடைய அப்பா காபி குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்வார். வராதவர்களைத் தேடிப் போயும் சொல்வார். இந்த வழக்கையும் ஜெயித்துவிட்டால் தலைமை ஆய்வாளர் நாற்காலி நபீஹுக்குத்தான்.

ரொட்டியைக் காரில் வைத்தார். இரண்டே நாள் வெயிலில் அதன் ஒரு பக்கம் பச்சையாகப் பூத்துவிட்டது. பதறிப்போய் வீட்டுக்கு எடுத்துச் சென்று குளிர்பெட்டியில் வைத்தார். மறுநாள் திறந்து பார்த்தால் பாதிதான் இருந்தது.

"பூசணம் பிடிச்ச பாதியைக் கோழிக்குப் போட்டுட்டேன்," என்றாள் அவர் மனைவி ஹியாம்.

"அது அரசாங்கச் சொத்து, ஹியாம்."

"கோழிகிட்டச் சொல்லுங்க."

நபீஹ் நேர்மையானவர். பூசணம் பிடித்த பாதியைக் கோழிகள் தின்றதாக மூன்று பக்கத்துக்கு வாக்குமூலம் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டார்.

பண்டிகை முடிந்து மூன்றாவது வாரம் வழக்கு வந்தது. நீதிபதி தாமார் வாக்குமூலத்தை இரண்டு முறை படித்தார். பிறகு பிளாஸ்டிக் பையிலிருந்த அரை ரொட்டியைப் பேனாவால் தட்டினார். கதவைத் தட்டுவது போலச் சத்தம் வந்தது.

கடைக்காரி ஸோயா, அறுபது வயது விதவை, வக்கீல் இல்லாமல் வந்திருந்தாள்.

"இதைக் கடை முகப்புல வெச்சீங்களா?" என்று கேட்டார் நீதிபதி.

"வெச்சேன். வேற எங்க வெச்சாலும் எறும்பு வருது."

"அப்ப குத்தத்தை ஒத்துக்கறீங்க."

"ரொட்டி என்னோடது இல்லீங்களே. பண்டிகைக்கு முன்னாடியே ரபிமார் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு வித்துட்டேன்."

ஊர் வழக்கம் அது. வீட்டிலும் கடையிலும் இருக்கிற மாவு, ரொட்டி, விஸ்கி எல்லாவற்றையும், பண்டிகையில் யூதர் கையில் இருக்கக் கூடாதென்று, யூத மதகுருக்களான ரபிமார் மொத்தமாக யூதரல்லாத ஒருவருக்கு விற்றுவிடுவார்கள். சாமான் நகராது, இருந்த அலமாரியிலேயே இருக்கும். பண்டிகை முடிந்ததும் பழையவர்களுக்கே திரும்பிவிடும்.

கையை விட்டு நழுவப் பார்த்த வழக்கை நபீஹ் எட்டிப் பிடித்தார்.

"அப்ப அந்த வாங்கின ஆளைக் கூப்பிடுங்க, மேடம். தன் ரொட்டி எவ வீட்டு வாசல்ல கிடக்குன்னு தெரியாதவன்லாம் ஒரு மனுஷனா? அந்த ஆள் முகத்தை நான் பாக்கணும்."

"பாவமா, புண்ணியமான்னு சொல்ல இது ஜெபக்கூடம் இல்ல," என்றார் தாமார். "ரொட்டி யாரோடது? எனக்கு அது போதும். ஆபீஸ்லேருந்து யாரையாவது வரச் சொல்லுங்க."

ரபிமார் அலுவலக எழுத்தர் பின்ஹாஸ் மூச்சிரைக்கப் பதிவேட்டோடு வந்தார்.

"வாங்கினவர் யாரு?"

பின்ஹாஸ் தரையைப் பார்த்தார். "இதோ நிக்கறாரே."

"யாரு, நானா?" என்றார் நபீஹ்.

"பதினோரு வருஷமா நீங்கதான் அண்ணே. பண்டிகை டியூட்டித் தாளோட சேர்த்து நீட்டுவோம். நல்லா வால் வெச்சுக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பீங்க."

நபீஹ் எட்டிப் பார்த்தார். அவருடைய வால்தான்.

நீதிபதி முன்னால் சாய்ந்தார். "தெரிஞ்சுதான் வாங்கினீங்களா?"

பின்ஹாஸ் குறுக்கே புகுந்தார். "மேடம், தெரியாமப் போட்டார்னா விற்பனையே செல்லாது. பண்டிகை முழுக்க எல்லாம் யூதர் கையிலயே இருந்ததா ஆயிடும். அப்புறம் அதை வாயில வைக்கக் கூடாது. மூணு மாவுக் கடை, ஆயிரம் அலமாரி, எல்லாத்தையும் குப்பையில கொட்டணும்."

"சட்டத்துக்கு அதைப் பத்தி அக்கறை இல்ல," என்றார் தாமார். லேசாக இருமினார். "எங்க வீட்டு அலமாரியும் அந்தப் பட்டியல்ல இருக்கு. அதுவும் சட்டத்துக்குச் சம்பந்தமில்லாதது. பதில் சொல்லுங்க."

தெரியாது என்று சொன்னால் ரொட்டி ஸோயாவினுடையது. வழக்கு ஜெயிக்கும், நாற்காலி வரும். தெரியும் என்றால் ரொட்டி ஒரு துருஸினுடையது. சட்டம் யூதர்களை மட்டுந்தான் கட்டும். வழக்கு விழும், பதினெட்டு வருடமும் அதோடு விழும்.

நபீஹ் ஊரை நினைத்துப் பார்த்தார். ஆயிரம் அலமாரி. பதினோரு வருடம் அத்தனையும் அவருடையதாக இருந்திருக்கிறது. தன் அப்பாவிடம்கூட இத்தனை மாவு இருந்ததில்லை. நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

"தெரியும், மேடம். ஒவ்வொரு மூட்டையும் எனக்குத் தெரியும்."

வழக்கு தள்ளுபடியானது. பின்ஹாஸ் அவரைக் கட்டிக்கொண்டார். தாழ்வாரத்தில் முன்பின் தெரியாதவர்கள்கூட எழுந்து வந்து கை கொடுத்தார்கள். நாற்காலி போன மனிதர், கல்யாண மாப்பிள்ளை போலப் படியிறங்கினார்.

கீழே ஸோயா காத்திருந்தாள். "என்னால உங்களுக்குத்தான் நஷ்டம், தம்பி."

"போகட்டும்மா. ஒரு யூதப் பொம்பளையோட கடைக்காக, ஒரு ஊரோட அடுப்படிக்காக, ஒரு துருஸ் தோத்தான்னு பேசுவாங்க இல்ல, அது போதும்."

"யூதப் பொம்பளையா? யாரு?"

நபீஹ் நின்றார்.

"எங்க வீட்டுக்காரர்தான் யூதர். எனக்கு மாதா கோயில்ல ஞானஸ்நானம் ஆச்சு. கோர்ட்டுல யாரும் கேக்கலியே."

"பின்ன எதுக்கும்மா ரபிமார் ஆபீஸ்ல போய்க் கையெழுத்துப் போட்டீங்க?"

"நான் சோவியத்துல வளந்தவ, தம்பி. நீளமா ஒரு வரிசை நின்னுது, எதுக்குன்னு கேக்காம நானும் போய் நின்னுட்டேன்."