சரஸ்வதி முன்னால் வைத்த நாவல்

எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். ஆனால் கோயிலுக்குள், சரஸ்வதி அம்மாள் பார்த்துக்கொண்டிருக்க, நெற்றி நிறைய விபூதியோடு சொன்னது ஒன்றுதான்.

அப்போது கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். எனக்குப் பதினான்கு வயது. வகுப்பிலேயே நான்தான் உயரம். 'ஒட்டடைக்கம்பு' என்று பெண்கள் ஒதுக்கிவிட்டார்கள். ராசா என்ற ஊரிலிருந்து புதிதாக வந்த ஸ்டெல்லாவோடும் யாரும் பேசவில்லை. மிச்சமான நாங்கள் இருவரும் கடைசி மேசையில் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதினோம். (நாவலேதான்! தமிழில் எனக்கு நாற்பது மார்க்.)

யாருக்கும் வேண்டாத இரண்டு பெண்கள் சம்பான் என்ற சின்னப் படகில் ஏறி ஆற்றோடு போவார்கள். துடுப்பு கிடையாது. கரை மரங்களில் மின்மினிகள், மரமே மூச்சு விடுவது மாதிரி மினுங்கி மினுங்கி அடங்கும். அந்த வெளிச்சத்தில் அவர்களைக் கேலி செய்ய ஆளே இல்லை. கணக்குப் பாடம் நடக்கும்போதெல்லாம் நாங்களும் அந்தச் சம்பானில்தான் இருந்தோம்.

கதை நன்றாக வரட்டும் என்று, சரஸ்வதி பூசைக்கு என் பாடப் புத்தகங்களுக்கு அடியில் அந்த நோட்டையும் வைத்தேன். மறுநாள் காலை கோயில் தலைவர் மைக்கில் பேர் வாசித்துப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தார். எங்கள் நோட்டில் பேர் இல்லை. (யார் பேர் முதலில் என்று சண்டை.)

"படிச்சா தெரிஞ்சிடும்" என்று பிரித்து, மைக்கிலேயே வாசித்தார்.

"'தோட்டத்து மண்டோரின் மீசை, காய்ந்த பனைமட்டை போல இருக்கும். அதைக் கண்டால் மாடுகூட...'"

தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் அவரேதான். குரல் மெல்ல இறங்கியது.

"நிறுத்தாதீங்க லா, தலைவரே!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து சத்தம்.

அவர் என்னைப் பார்த்தார். "உன் புத்தகத்துக்கு அடியிலதானே இருந்துச்சி?"

"எனக்குத் தெரியாதுங்க ஐயா."

வாசலில் சைக்கிளோடு எனக்காகக் காத்திருந்த ஸ்டெல்லா உள்ளே வந்தாள். "சப்பாத்து, சப்பாத்து!" என்று நாலு பேர் கத்த, ஓடிப்போய்க் கழற்றிவிட்டு மறுபடி வந்தாள். "என்னோடது அங்கிள். நான்தான் எழுதினேன்."

அம்மா என் காதில், "இனிமே அவகூட சேர்ந்த, பாத்துக்க" என்றார்.

ஸ்டெல்லா என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. கிழிந்த காலுறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு இருந்த ஒரே சிநேகிதி.

"மீசை நான் எழுதினது!" என்று கத்தினேன். மைக் இல்லாமலே லயத்து வீடுகளுக்கெல்லாம் கேட்டிருக்கும். "அவ எழுதினது அந்த ஆத்தை மட்டுந்தான்!"

தலைவர் மீசையைத் தடவினார். "அந்த மண்டோரு கடைசில என்ன ஆவான்?"

"இன்னும் எழுதலீங்க."

"நல்லவனா ஆக்கிடுங்க லா" என்று நோட்டை நீட்டினார்.

எனக்குக் கல்யாணமாகி வருசம் பல ஆகிறது. ஸ்டெல்லா பக்கத்து ஊரான ஜெராமில் இருக்கிறாள். வீட்டில் முறுக்கு டின் காலியாகி நான் ஒன்றும் தெரியாதவள்போல நின்றால், என் மகள் உடனே போனை எடுப்பாள்: "ஸ்டெல்லா ஆன்ட்டி, கொஞ்சம் வந்து பழி ஏத்துக்கறீங்களா?"

அவளும் மறுக்காமல் வருவாள். வந்து, மிச்ச முறுக்கு எங்கே என்று என்னையே கேட்பாள்.