நல்ல கறவை

"கேற்றடியில நிக்கிறாராம்," என்றாள் கமலினி, போனைக் கையால் பொத்திக்கொண்டு.

"ஆர்?"

"விக்னராஜா அண்ணை. நவராத்திரி அபிஷேகத்துக்கு எங்கட மாட்டில கறந்த பால் வேணுமாம்."

யோகேஸ்வரன் கையிலிருந்த கோலைத் தரையில் அடித்தார். விடிந்ததிலிருந்து மேட்டிலும் பள்ளத்திலும் ஓடி, மாடுகளை இறக்கி, அப்போதுதான் பட்டிக்குள் அடைத்திருந்தார். வசந்தத்தின் புதுப்புல்லில் கொழுத்த மாடுகள். எல்லாம் காயடித்த ஆண் மாடுகள். மத்தியானம் லொறி வந்து இறைச்சிக் கூடத்துக்கு ஏற்றிப் போகும். மெல்பனைவிட்டுத் தள்ளிவந்து இந்தப் பண்ணையை வாங்கிய நாளிலிருந்து இதுதான் தொழில்.

"பால் பண்ணை எண்டு அந்தாளுக்கு ஆர் சொன்னது?"

"நான்தான். எங்கட பிள்ளை தர்ஷனாவைப் பெண் கேட்டு வந்த சனத்திட்ட, மாட்டை வளர்த்து வெட்டக் குடுக்கிறம் எண்டு சொல்லட்டோ?"

 அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது.

மெல்பனின் நோபல் பார்க்கிலிருந்து வரும் விக்னராஜா கோயில் தலைவர். தை மாதம் சம்பந்தியாகப் போகிறவர். சனிக்கிழமைகளில் ஊருக்கு வெளியே எங்கோ தனியாகப் போய் மௌனவிரதம் இருப்பவர் என்று பெயர். போன மாதம் கோயில் கூட்டத்தில், "மாட்டை வெட்டக் குடுக்கிறவன்ர வீட்டில நான் பச்சைத் தண்ணியும் குடியன்," என்று முழங்கினார். எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் யோகேஸ்வரன்.

"பால் முடிஞ்சுது எண்டு சொல்லும்."

கமலினி சொன்னாள். கேட்டாள். மறுபடி போனைப் பொத்தினாள்.

"பின்னேரம் கறக்குமட்டும் இருக்கிறாராம்."

"உம்மட வாயாலதான் இந்தக் கலியாணம் குழம்பப்போகுது."

"அப்ப உங்கட வாயால நிப்பாட்டுங்கோ."

அவர் கேற்றைத் திறக்கப் போவதற்குள் விக்னராஜாவே ஒரு கையால் சங்கிலியைத் தட்டி, காலால் தள்ளி உள்ளே வந்துவிட்டார். புதியவர்கள் யாருக்கும் அந்தக் கேற் திறந்ததில்லை. யோகேஸ்வரன் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

கமலினி குசினிக்குள் ஓடி, கடையில் வாங்கிய பாலையெல்லாம் ஒரு வாளியில் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"அடியில கொஞ்சம் கிடந்தது, அண்ணை."

விக்னராஜா வாளியைத் தொட்டுப் பார்த்தார். "ஐஸ் மாதிரிக் கிடக்கு."

"குளிர் நாடெல்லே," என்றார் யோகேஸ்வரன். "மாட்டிலயிருந்து வரேக்கையே இப்பிடித்தான்."

கமலினி கண்ணை மூடிக்கொண்டாள்.

"கறக்கிற மாட்டை ஒருக்காப் பாப்பமே?"

வேறு வழியில்லை. யோகேஸ்வரன் பட்டிக்குக் கூட்டிப்போனார்; கமலினியும் வாளியோடு பின்னால் வந்தாள். உள்ளே நின்ற ஒன்றுக்குக்கூட மடி இல்லை. விக்னராஜா கம்பி வேலியைப் பிடித்தபடி பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மாடுகளும் அவரைப் பார்த்தன. இலையான் ஒன்று ரீங்கரித்தபடி பறந்துவந்து மூவரின் முகத்திலும் மாறி மாறி உட்கார்ந்தது.

"நல்ல கறவை," என்றார் கடைசியில்.

பசு எது, எருது எது என்று தெரியாத இந்த மனிதனுக்கா இவ்வளவு பயந்தோம் என்று யோகேஸ்வரனுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் விக்னராஜா உடனே கார்ச் சாவியை எடுத்தார்.

"அப்ப நான் வெளிக்கிடுறன்."

"பின்னேரம் மட்டும் இருக்கிறன் எண்டனீங்கள்?"

"இல்லை, வேலை கிடக்கு."

பிடிபட்டுவிட்டது என்று யோகேஸ்வரன் நினைத்தார். இப்படியே போகவிட்டால் இரவே கலியாணத்தை நிறுத்திவிட்டதாகச் செய்தி வரும். சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டார்.

"சாப்பிடாமப் போகேலாது."

"எனக்குப் பசியில்லை."

"பச்சைத் தண்ணியாவது குடியுங்கோ."

"யோகேஸ், சாவியைத் தாரும்."

"குடிச்சாத் தாறன்."

இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றபோது தெருவில் லொறியின் உறுமல் கேட்டது. லொறிக்குள் ஏற்கெனவே வேறு யாருடைய மாடுகளோ கத்திக்கொண்டிருந்தன.

"அது... எங்கட மாடுகளை மேய்ச்சலுக்குக் கொண்டுபோக," என்றார் யோகேஸ்வரன். "அந்தப் பக்கம் புல்லு நல்லம்."

விக்னராஜா லொறியைப் பார்க்கவேயில்லை. விறுவிறுவென்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவத்தைப் பார்க்கச் சகிக்காத பக்திமான். தர்ஷனாவின் கலியாணம் அந்தத் தொட்டிக்குப் பின்னாலேயே முடிந்துபோனதாக யோகேஸ்வரனுக்குத் தோன்றியது. வாளியை உதைத்தார். பால் புல்லில் ஓடியது.

லொறிக்காரன் டரன் இறங்கினான். கொழுத்த வெள்ளைக்காரன். தொப்பியைத் தூக்கி, யோகேஸ்வரனைத் தாண்டித் தொட்டிப் பக்கம் பார்த்து, ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னான்:

"விக், நீ இங்கேயா நிற்கிறாய்? காலையில் உன் பண்ணையில் ஏற்றியதெல்லாம் முன்பக்கம் பத்திரமாக நிற்கிறது, இவருடையதைப் பின்னால் ஏற்றட்டுமா?"