முசிறியில் நான் தொலைத்த கணவர்

அடுத்தவர் சொல்ல வருவதை அவருக்கு முன்னால் நானே சொல்லி முடித்துவிடும் வியாதி எனக்கு உண்டு. என் கல்யாணத்தில் புரோகிதரையே இரண்டு இடத்தில் முந்திவிட்டேன் என்பார் என் கணவர். (சுத்தப் புளுகு. ஒரு இடத்தில்தான்.)

இப்படிப்பட்டவளுக்கு மகளாக வந்து பிறந்தாள் வசந்தி. மூன்றரை வயதுவரை மடமடவென்று பேசிய குழந்தைக்குத் திடீரென்று வார்த்தை மாட்டிக்கொள்ள ஆரம்பித்தது. "தோ... தோ... தோசை" என்பாள். வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தேன். "மெதுவா சொல்லு", "மூச்சை இழுத்துக்கோ", "முதல்லேருந்து சொல்லு" என்று கட்டளை மேல் கட்டளை போட்டேன். ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு ஓடினேன். "சின்னப் பிள்ளைங்களுக்கு இது வர்றதுதாம்மா. நீங்க செய்ய வேண்டியது என்னன்னா..." என்று டாக்டர் ஆரம்பித்தார். "தெரியும் டாக்டர், டானிக் குடுக்கணும்" என்றேன். அந்த மனுஷர் என்ன சொல்ல வந்தாரோ, இன்றுவரை தெரியாது.

டானிக்கும் பலிக்கவில்லை. அதனால் அவள் வாயைத் திறந்ததுமே மீதியை நானே சொல்லத் தொடங்கினேன். "தோ..." என்பாள், "தோசைதானே, இந்தா" என்பேன். பெரிய உபகாரம் செய்வதாக நினைப்பு வேறு! போகப் போகக் குழந்தை பேசுவதே குறைந்தது. ஏதோ சொல்ல வருவாள், என் முகத்தைப் பார்ப்பாள், வாயை மூடிக்கொள்வாள். அடியோடு பேசாமலே போய்விடுவாளோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பயம்.

அந்தச் சமயத்தில்தான், பம்பாயில் வேலை பார்த்த என் தம்பிக்காகத் தொட்டியத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துவரக் கிளம்பினோம். ஸ்ரீரங்கத்திலிருந்து நான், கணவர், வசந்தி மூன்று பேரும். பஸ்ஸில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். முசிறியில் பத்து நிமிடம் நின்றது. கிளம்பும்போது கண்டக்டர், "எல்லாரும் ஏறி..." என்று வாயெடுத்தார்.

"ஏறியாச்சு, ஏறியாச்சு, விடுங்க!" என்றேன் நான்.

பஸ் நகர்ந்ததும் ஜன்னலோரம் இருந்த வசந்தி துள்ளினாள். "அம்மா, அ... அ... அ..."

"ஆத்துல தண்ணி போகுது. பார்த்தேன், பார்த்தேன்."

"இல்லே, அ... அ..."

"அவசரமா? ஒண்ணுக்கா?"

பக்கத்து சீட்டு அம்மாள், "பசிக்குது போலங்க" என்று ஒரு முறுக்கை நீட்டினார். "வாந்தி வருதோ என்னவோ, இதை மோந்து பாக்கச் சொல்லுங்க" என்று பின்னாலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் வந்தது. குழந்தை ஒரு கையில் முறுக்கும் ஒரு கையில் பழமுமாக எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தை மட்டும் திக்காமல் வந்தது.

தொட்டியத்தில் இறங்கித் திரும்பிப் பார்த்தால், கணவரைக் காணோம்! "நீங்கதானேம்மா ஏறியாச்சுன்னீங்க?" என்று கண்டக்டர் என்னையே கேட்டார். அதற்குள் எங்களை அழைத்துப்போகப் பெண்ணின் அப்பா வந்து நின்றார். வாழைத் தோட்டம் வைத்திருந்த பெரிய குடும்பம். அவரோடு போனால், வீடு நிறையச் சொந்தக்காரர்கள்.

"வீட்டுக்காரரு வரலீங்களா?" என்றார் அப்பா.

"அவரு வந்து..."

"லீவு கிடைக்கலீங்களா?" என்றார் மாமா.

"இல்லீங்க, வழியில..."

"உடம்பு முடியலையா?" என்றார் சித்தி.

"அதில்லீங்க..."

"இந்தச் சம்பந்தம் பிடிக்கலேன்னா நேராவே சொல்லிடலாமே!" என்றார் அத்தை.

அய்யய்யோ! தம்பியின் கல்யாணமே கவிழப்போகிறதே! "மு... மு..." என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு வார்த்தை வரவில்லை.

காபித் தட்டோடு வந்த கல்யாணப் பெண் தட்டைக் கீழே வைத்தாள். வசந்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, "பாப்பா, அப்பா எங்கேம்மா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள்.

"அ... அ... அ..."

என் வாய் தானாகத் திறந்தது. புடவைத் தலைப்பைப் பந்தாகச் சுருட்டி அடைத்துக்கொண்டேன்.

"அப்பா மு... மு... முசிறியில கா... காபி டம்ளரோட பஸ் பின்னாடி ஓடுனாரு. டம்ளரக் குடுன்னு க... கடைக்காரரும் ஓடுனாரு. நா... நான் சொன்னேன். அம்மாதான் கேக்கலே."

ஒரு மாதத்தில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அது. வீடே கொல்லென்று சிரித்தது, அத்தையும் சிரித்தார். நான் மட்டும் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அடுத்த பஸ்ஸில் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தவரிடம், "ஏங்க, நீங்க..." என்று பாய்ந்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார். "இதையாவது நான் சொல்லி முடிச்சிக்கிறேனே!"

அந்தப் பெண்தான் என் தம்பி மனைவி. என் தம்பி போட்டோவைப் பார்ப்பதற்கு முன்பே நான் முடிவு செய்துவிட்டேன். (வியாதி அவ்வளவு சீக்கிரம் போகுமா?) ஆனால் வசந்தி பேசும்போது மட்டும் காத்திருக்கப் பழகிக்கொண்டேன். ஆரம்பத்தில் உயிர் போயிற்று. திக்கல் முழுதாகப் போகவில்லை. ஆனால் பேச்சு திரும்பி வந்தது. இப்போது அவளை நிறுத்தத்தான் முடிவதில்லை.

இன்றைக்கும் நான் யார் பேச்சிலாவது குறுக்கே பாய்ந்தால், வசந்தி என்னைப் பார்த்து, "அம்மா, மு... மு... மு..." என்று ஆரம்பிப்பாள். என்ன வார்த்தை என்று வீட்டில் கடைசிப் பேரன்வரை எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சொல்வதில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவளே சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருப்பார்கள். எல்லோரையும்விட நான்.